விடுமுறைக் காலமும் குடும்ப வாழ்வும்: தோட்டத்து வீடுகளில் கற்ற சில பாடங்கள்

ஆண்டின் நடுவில் வரும் பாடசாலை விடுமுறை நகரத்துக் குடும்பங்களுக்கு ஒரு மாறுதல். உறவினர் வீடுகளுக்குப் போவார்கள். பிள்ளைகள் நேரம் சென்று எழும்புவார்கள். தோட்டப்புறத்தில் அப்படியல்ல. அங்கே விடுமுறை பிள்ளைகளுக்கு மட்டுமே. தாயும் தந்தையும் வழமைபோல் காலையில் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து மலைக்குப் போய்விடுகிறார்கள். பகல் முழுவதும் லயம் சிறுவர் கையிலும் முதியோர் கையிலும் இருக்கிறது.

கொவிட் தொற்றுக்குப் பின்னர் பாடசாலைத் தவணைகள் முன்பின்னாக மாறிவந்தாலும், ஓகஸ்ட் விடுமுறை என்ற பேச்சு மக்களிடம் மாறவில்லை. மாத்தளை மாவட்டத்தின் பெரும்பகுதியில் அது வெயிலும் காற்றும் உள்ள காலம். மழை குறைய, கொழுந்தும் குறைகிறது. கொழுந்து குறைய, வேலைநாளும் குறைகிறது. பீலியில் தண்ணீர் நூலாக வடிகிறது. அதே நேரத்தில், பாடசாலை நாட்களில் பாதிப் பகல் வெளியே இருந்த பிள்ளைகள் முழுநாளும் வீட்டில் இருக்கிறார்கள்; பசியும் கூடுகிறது. ஒரு குடும்பம் எப்படி நடக்கிறது, யாருடைய தோளில் நடக்கிறது என்பதை அறிய இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

எனவே ஒரு விடுமுறை மாதத்தில் எல்கடுவ, ரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றில் குடும்பங்களுடன் உட்கார்ந்து எளிய பயிற்சி ஒன்றைச் செய்துபார்த்தோம். அதை இங்கே பாடமாக எழுதுவதன் நோக்கம், மாதர் சங்கங்களும் சிக்கன கடனுதவிக் குழுக்களும் தத்தம் இடங்களில் இதைச் செய்துபார்க்க வேண்டும் என்பதே. செலவு எதுவும் இல்லை. ஒரு பிடி புளியங்கொட்டையும் ஒரு கரித்துண்டும் போதும்.

செய்யும் முறை

காம்பராவின் தரையில் கரியால் ஆறு கட்டங்கள் வரைந்துகொள்ள வேண்டும். தூக்கம், சம்பள வேலை, அடுப்படி, தண்ணீரும் விறகும், பிள்ளையும் முதியோரும், சும்மா இருத்தல் என்று ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு பெயர். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் 24 கொட்டைகள். ஒரு கொட்டை ஒரு மணித்தியாலம். தம் நாள் எப்படிப் போகிறது என்பதை அவரவரே கட்டங்களில் வைத்துக் காட்டவேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத அப்பாயியும் இதைச் செய்யலாம். பங்கேற்பு ஆய்வு முறைகள் என்ற பெயரில் 1990களில் இந்தியாவிலும் ஆபிரிக்க நாடுகளிலும் பரவிய முறைகளுள் இதுவும் ஒரு வகை. அந்தப் பெரிய பெயர் நமக்குத் தேவையில்லை.

ஒரு விதியை மட்டும் விட்டுவிடக்கூடாது: மனைவியின் கொட்டையைக் கணவன் வைக்கக்கூடாது, மகளின் கொட்டையைத் தாய் வைக்கக்கூடாது. ஒரு வீட்டில் தகப்பனார் மாலையில் தேத்தண்ணிக் கடையில் இருந்த இரண்டு மணித்தியாலத்தைச் சம்பள வேலைக் கட்டத்தில் வைத்தார். அங்கேதான் வேலை விஷயம் பேசுவதாக அவருடைய நியாயம். பத்து வயது மகள் ஒன்றும் சொல்லாமல் அந்த இரண்டு கொட்டைகளையும் எடுத்து, சும்மா இருத்தலில் வைத்துவிட்டாள். வீடே சிரித்தது, அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அந்த வீட்டில் உண்மையான பேச்சு தொடங்கியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல தாய்மார் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறுகிறார்கள். அடுப்பில் சோறு கொதிக்கும்போதே இடுப்பில் பிள்ளை இருக்கிறது. பிள்ளை இருக்கும்போதே மாமியாருக்கு மருந்து கொடுக்கவேண்டும். அந்த ஒரு மணித்தியாலம் எந்தக் கட்டத்துக்குரியது? ஒரு பெண் இதற்கு நல்ல வழி கண்டாள்: கொட்டையை இரண்டு கட்டங்களுக்கும் நடுவே கோட்டின்மேல் வைத்தாள். அதன்பின் எல்லா வீடுகளிலும் அந்த முறையையே பின்பற்றினோம். ஆண்களின் கொட்டைகள் கோட்டின்மேல் நிற்பதை நாம் அரிதாகவே கண்டோம்.

இந்த நாள் எங்கிருந்து வந்தது?

கொட்டைகள் ஏன் இப்படி விழுகின்றன என்பதை விளங்கிக்கொள்ளச் சிறிது சரித்திரம் தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலைகளில் இருந்தது கோப்பி. கோப்பி பறிப்பு ஆண்டில் சில மாத வேலை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளை கடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியில் பசியாலும் கொள்ளைநோயாலும் மாண்டவர் பலர். பறிப்பு முடிந்ததும் மிஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள். மனைவி மக்கள் ஊரில், வேலை இங்கே. தோட்டத்தில் அன்று குடும்பம் என்பது பெரும்பாலும் இல்லை.

1869இல் கோப்பி இலைநோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தப் பயிரையே அழித்துவிட்டது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையில் கொழுந்து ஆண்டு முழுவதும் வரும். வாரத்துக்கு ஒருமுறை அதே மலையைச் சுற்றிவர வேண்டும். அதற்கு நிரந்தரமான கைகள் தேவைப்பட்டன. பெண்களின் கையும் பிள்ளைகளின் கையும் மலிவாகக் கிடைத்தன. ஆகவே குடும்பமாக வந்து தங்குவது தோட்ட நிர்வாகத்துக்கு இலாபமாயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக எழுந்தன. நமது தோட்டக் குடும்பம் தேயிலையோடு வேர்விட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. தாய் எத்தனை மணிக்கு எழும்புவாள், பிள்ளைக்கு எப்போது பால் கொடுப்பாள், அடுப்பு எப்போது எரியும் என்பவற்றைச் செடியும் பெரட்டும் செக்ரோலும் தீர்மானித்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

பயிர் மாறினால் குடும்பத்தின் நாளும் மாறுகிறது என்பதை நமது மாவட்டத்திலேயே காணலாம். உயரமான எல்கடுவப் பக்கம் தேயிலை. சற்றுக் கீழே இறங்கினால் இறப்பர், கொக்கோ, மிளகு. இறப்பர்ப் பால் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். ஆகவே பால் வெட்டுவோர் இருட்டோடு போய் நண்பகல் கழிந்ததும் வீடு திரும்பிவிடுகிறார்கள். விடுமுறையில் அந்த வீட்டுப் பிள்ளைகள் காலையில் தனியே இருந்தாலும் பிற்பகலில் தாயைக் காண்கிறார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை என்ற கஷ்டம் அவர்களுக்கு வேறு. தேயிலை வீட்டில் தாய் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். மாலைக் கொழுந்தை நிறுத்துப் பெயர் பதிந்த பிறகே அவள் வீட்டுக்கு நடக்கலாம்.

சமமான சம்பளம், சமமில்லாத நாள்

1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னர் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. அது சிறிய வெற்றியல்ல. அதற்கு முன் ஒரே தோட்டத்தில், ஒரே வெயிலில் நின்ற பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் எழுதப்பட்டது. ஆனால் சம்பளம் சமமானதே தவிர வேலைநேரம் சமமாகவில்லை. கவ்வாத்து, புல்வெட்டு, கான்வெட்டு போன்ற ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் அளந்து கொடுக்கப்படுபவை. சுறுசுறுப்பாகச் செய்பவர் மதியத்தோடோ அதற்குச் சற்றுப் பின்போ வீடு சேரலாம். கொழுந்துக்காரி மாலைவரை மலையிலே நிற்கவேண்டும். தரையில் கொட்டைகளை வைத்தவுடன் இந்த வேறுபாடு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. சம்பள வேலைக் கட்டத்தில் மனைவியின் கொட்டைகள் கணவனுடையதைவிட இரண்டோ மூன்றோ கூடுதலாக இருக்கின்றன. வீட்டு வேலைக் கட்டங்களில் அவளுடையவை குவிந்துகிடக்கின்றன. தூக்கத்தில் குறைகின்றன. சும்மா இருத்தலில் பல பெண்கள் ஒன்றும் வைக்கவில்லை.

ஆண்களைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. புல்வெட்டி வந்தவனின் முதுகும் வலிக்கத்தான் செய்கிறது. நமது ஆண்களில் பலர் தம் மனைவியரின் நாளை ஒருபோதும் இப்படி முழுதாகப் பார்த்ததில்லை. மதியம் வீட்டுக்கு வரும்போது மனைவி அங்கே இல்லை. இரவில் வந்தவளோ அடுப்புக்கு முன்னே முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். ஓர் ஆள் கொட்டைகளை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் வீட்டுக்கு வந்து அஞ்சு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் சாமி இவ வாறா. அடுப்புச் சாம்பலையாவது அள்ளிப் போட்டிருக்கலாம்.” விடுமுறை நாட்களில் அந்த ஐந்து மணித்தியாலங்களும் பிள்ளைகள் தகப்பனோடு இருக்கக்கூடிய நேரம். ஆனால் அநேக வீடுகளில் தகப்பன் ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விடலாம். இன்று அதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். ஐந்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு விடுமுறை நாளில் அவ்வாறான இடம் எதுவும் இல்லை. மூத்த பெண்பிள்ளை இருந்தால் அவளே தாய். அவளுடைய கொட்டைகளைத் தாயின் கொட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடசாலை நாளில் சம்பள வேலைக்குப் பதிலாகப் படிப்பு என்று வைத்திருந்த கொட்டைகள், விடுமுறையில் அப்படியே தண்ணீர், விறகு, தம்பி தங்கை என்று இடம் மாறுகின்றன. அவளுடைய அண்ணனின் கொட்டைகளோ சும்மா இருத்தலுக்குப் போகின்றன. மைதானத்தில் கிரிக்கெட் அடிப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும், வறண்ட காலத்தில் பீலியில் ஒரு குடம் நிறையக் காத்துநிற்பதும் அந்த மைதானத்துக்குப் பக்கத்தில்தான்.

யார் கடைசியில் சாப்பிடுகிறார்?

நேரத்தைப் பேசும்போதே சாப்பாட்டுப் பேச்சும் வந்துவிடுகிறது. முதலில் ஆண்களும் சிறு பிள்ளைகளும், பிறகு பெரிய பெண்பிள்ளைகள், கடைசியில் தாய் என்பதே நமது வீடுகளின் முறை. விடுமுறையில் வாய்கள் அதிகமாக இருக்கும்போது கடைசியில் மிஞ்சுவது சோறும் சொதியும் மட்டும். மீனோ முட்டையோ பருப்போ வந்தால் அது மேலே சொன்ன வரிசையில் முன்னமே தீர்ந்துவிடுகிறது. காலை ஏழரைக்கு மலையேறும் பெண்ணுக்கு இரத்தம் குறைவதில் வியப்பில்லை. நடந்தால் மூச்சு வாங்குவது, தலைசுற்றுவது, கண் இமையின் உட்புறம் வெளுத்திருப்பது ஆகியவற்றைச் சோம்பல் என்றோ கண்ணூறு என்றோ தள்ளிவிடக்கூடாது. கர்ப்பிணிக்கு இரத்தக்குறைவு இருந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கும் ஆபத்தும், பிரசவத்தில் தாய்க்கு ஆபத்தும் கூடுகின்றன.

தேயிலைத் தோட்டத்தில் சொல்வதற்குச் சற்றுக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. தேயிலைக்கு நிறமும் துவர்ப்பும் கொடுக்கும் பொருட்களே இதற்குக் காரணம். ரொட்டியும் சாயத்தண்ணியும் நமது காலைச் சாப்பாடு. கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசையையும் அதே சாயத்தண்ணியோடு விழுங்குகிற பெண்கள் உண்டு. மருந்து பாதி வீணாகிறது. தேத்தண்ணியை விடச் சொல்ல யாராலும் முடியாது, சொல்லவும் வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் போதும். வல்லாரையோ முருங்கைக்கீரையோ சமைத்தால் அதன்மேல் தேசிக்காய் பிழிய வேண்டும். தேசிக்காயின் புளிப்பில் உள்ள சத்து இரும்பை ஏற்க உதவுகிறது. சிறிது நெத்தலிக் கருவாடும் அவ்வாறே உதவும். மாத்தளை மண்ணில் தேசியும் முருங்கையும் லயத்துக்குப் பின்னால் வளராத இடம் குறைவு.

ஒரு குழுவில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் ஒருவர், “முதல்ல இவளுக்குச் சோறு போடணும்னு சொல்றீங்களா?” என்று நேராகவே கேட்டார். நேரான கேள்விக்கு நேரான பதிலையே சொல்லவேண்டும்: முதலில் போடவேண்டும் என்பதில்லை, ஆனால் பங்கை முதலே எடுத்து மூடிவைக்க வேண்டும். அந்த மாமியார் அன்றிரவே ஒரு கோப்பையை அதற்கென்று ஒதுக்கியதாகப் பின்னர் மருமகள் சொன்னாள். வீட்டில் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர் மனம் வைத்தால் மாற்றம் விரைவாக நடக்கிறது. நமது கூட்டங்களுக்கு மருமகள்மாரை மட்டும் அழைப்பதில் பயன் குறைவு என்பது என் கருத்து.

தாய் இல்லாத வரிசை

சில வீடுகளில் தாயின் 24 கொட்டைகளை வைக்க ஆள் இல்லை. அவர் குவைத்தில், அல்லது சவூதியில். தோட்டச் சம்பளத்தில் கடன் தீராது என்ற நிலையில்தான் போகிறார்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வந்ததும், 2022இன் பொருளாதார நெருக்கடி மாவின் விலையையும் அரிசியின் விலையையும் எங்கேயோ கொண்டுபோய்விட்டது. சிறு பிள்ளைகளின் நலனைக் காரணங்காட்டி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போவதை அரசாங்கம் 2013இல் கட்டுப்படுத்தியது. குடும்பப் பின்னணி அறிக்கை ஒன்றைக் கட்டாயமாக்கியது. 2022இல் நெருக்கடியின் நடுவே அந்த வயதெல்லை 2 ஆகக் குறைந்தது. இத்தனை காலத்திலும் வெளிநாடு போகும் தகப்பனிடம் எவரும் அப்படி ஓர் அறிக்கை கேட்டதில்லை.

தாய் போன வீட்டில் அவருடைய வேலைகள் எங்கே போயின என்று பார்த்தோம். அவை மறைந்துவிடவில்லை. பெரும்பங்கு அம்மாயியின் வரிசையிலும் மூத்த மகளின் வரிசையிலும் சேர்ந்திருந்தது. ஒரு வீட்டில் மட்டும் தகப்பன் அடுப்படிக் கட்டத்தில் மூன்று கொட்டைகளை வைத்தார். முதலில் வெட்கம், பிறகு தான் செய்யும் ரொட்டிதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று சற்றுப் பெருமை. அந்த வீட்டுப் பிள்ளைகள் விடுமுறை முடிந்ததும் ஒருவர் குறையாமல் பாடசாலை திரும்பினார்கள். ஒரு வீட்டை வைத்து விதி எழுத முடியாதுதான். என்றாலும் கவனிக்கவேண்டிய செய்தி அது.

ஏனெனில் விடுமுறையின் பெரிய ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. விடுமுறைக்கென்று கொழும்புக் கடைக்கோ, யாரோ ஒருவருடைய வீட்டுக்கோ உதவிக்கு அனுப்பப்படும் பிள்ளைகளில் சிலர் திரும்பிப் பாடசாலைக்கு வருவதில்லை. ஒரு மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் அடுத்த மாதமும் இருக்கட்டும் என்று தோன்றுகிறது. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் வேலைக்கிருந்த வீட்டில் தீக்காயமடைந்து வைத்தியசாலையில் இறந்ததை நாம் மறக்கவில்லை. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆயிற்று. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16க்கு உயர்த்தப்பட்டது. சட்டம் இப்போது பிள்ளையின் பக்கம் நிற்கிறது. ஆனால் தரகர் வருவது பெற்றோர் மலையில் நிற்கும் பகல் வேளையில், அல்லது சம்பளத்துக்கு முந்திய வாரத்தில். கடன்கூட்டங்களில் விடுமுறைக்கு முன்னரே கேட்டுவைக்கலாம்: எந்த வீட்டுக்கு இந்த மாதம் முடை? ஒரு சிறு கைமாற்று எந்தப் பிள்ளையை வீட்டில் நிறுத்தும்? கொப்பி, சப்பாத்து வாங்கப் பணமில்லாததால் நின்ற பிள்ளைகளும் உண்டு. அதற்கான சேமிப்பைத் தவணை தொடங்கும் வாரத்தில் தொடங்கிப் பயனில்லை.

இரண்டாம் முறை

விடுமுறையின் கடைசி வாரத்தில் அதே வீடுகளில் மீண்டும் கட்டம் வரைந்தோம். பெரும் புரட்சி எதையும் காணவில்லை. இரண்டு மூன்று வீடுகளில் எதுவுமே மாறவில்லை. ஒரு வீட்டில் தகப்பனார் இந்த விளையாட்டுக்கு வரமாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். மற்ற வீடுகளில் மாறியவை சிறியவை. மைதானத்துக்குப் போகும் பையன்கள் போகும்போது வெறுங்கானைக் கொண்டுபோய் வரும்போது நிறைத்துக்கொண்டு வருகிறார்கள். மதியம் வீடு வருகிற ஒருவர் மாலைச் சோற்றுக்கு உலை வைத்துவிடுகிறார். கறி மட்டும் மனைவிக்கு. இரவில் விளக்குக்குப் பக்கத்து இடம் முன்பு தகப்பனுடையது. ஒரு வீட்டில் அதைச் சாதாரண தரப் பரீட்சை எழுதும் மகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி வீட்டில் அது பெரிய இடம்.

உலை வைக்கும் அந்த வீட்டில், சும்மா இருத்தல் கட்டத்தில் மனைவி ஒரு கொட்டையை வைத்தாள். அந்த நேரத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டோம். “இஸ்தோப்பில உக்காந்து பிள்ளைக்குத் தலை வாருறேன்” என்றாள். அது பிள்ளைக் கட்டத்துக்குரியது அல்லவா என்று மாமியார் திருத்தப் பார்த்தார். அவள் கொட்டையை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தாள்.

குழுக்கள் இந்தக் கொட்டைகளை ஒரு டின்னில் போட்டுவைத்து, டிசம்பர் விடுமுறையில் மறுபடியும் விரித்துப் பார்ப்பது நல்லது. அது நமக்கு மழைக்காலம். பீலி நிறையும், விறகு நனையும், அட்டைக்கடியோடு கொழுந்தும் கூடும். அப்போது எந்தக் கட்டத்தில் எத்தனை விழுகின்றன என்பதை இரண்டு தாள்களில் குறித்து, ஒன்றைக் குழுவின் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி, மற்றதை அந்த வீட்டிலேயே விட்டுவர வேண்டும்.